வல்லாண்டர் எப்படி வாக்களிப்பார்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா, வேண்டாமா என்று 1994 நவம்பரில் ஸ்வீடன் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடந்தது. நாடே இரண்டாகப் பிரிந்து நின்ற அந்த நாட்களில், எழுத்தாளர் ஹென்னிங் மான்கெலைத் தெருவில் பார்த்த ஒருவர் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாராம். கூர்ட் வல்லாண்டர் ஆதரித்து வாக்களிப்பாரா, எதிர்த்தா? மான்கெலே பிற்பாடு இதை எழுதியிருக்கிறார்.

கேட்டவருக்கு எழுத்தாளரின் அரசியல் கருத்து தேவைப்படவில்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒரு கற்பனைப் போலீஸ்காரரின் முடிவு. தெற்கு ஸ்வீடனின் ஈஸ்டாட் என்ற சிறிய துறைமுக ஊரில் துப்பறியும் அதிகாரியாக இருப்பவர் வல்லாண்டர். மனைவி விட்டுப் போனவர், நேரத்துக்குச் சாப்பிடாதவர், தூக்கம் கெட்டவர். அப்போது அவரைப் பற்றி வெளிவந்திருந்தவை நான்கே நாவல்கள். அதற்குள் ஒரு வாசகர், நாட்டின் எதிர்காலம் குறித்த கேள்வியில் வல்லாண்டரின் கருத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். கொலைகாரனைப் பிடிக்கும் சாமர்த்தியத்துக்காக மட்டும் யாரும் ஒரு பாத்திரத்திடம் இந்த உரிமையை எடுத்துக்கொள்வதில்லை. ஹெர்குல் புவாரோ எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்று எவரும் அகதா கிறிஸ்டியை மறித்துக் கேட்டிருப்பார்கள் என நினைக்க முடியவில்லை.

ஸ்காண்டிநேவியக் குற்றப்புனைவின் மீது உலகம் முழுவதும் உண்டான மோகத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: பனி, நீண்ட இருட்டு, குடிக்கும் போலீஸ்காரர், கொடூரமான கொலை. இவை புத்தக அட்டை வடிவமைப்பவர்களுக்குப் பயன்படும். வாசகர்களை விளக்க உதவாது. வல்லாண்டர் வரிசையில் பலர் சிறந்ததாகக் கருதும் 'தவறான தடம்' 1994ஆம் ஆண்டின் கோடையில் நடக்கிறது. மஞ்சளாகப் பூத்துக்கிடக்கும் கடுகு வயலுக்கு நடுவே ஓர் இளம்பெண் தன்மேல் தீ வைத்துக்கொள்கிறாள். அப்போது காவல் நிலையத்தில் உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஸ்வீடன் மூன்றாம் இடம் பெற்றது. 'ஓரடி பின்னால்' தொடங்குவதோ சூரியன் மறையவே தயங்கும் கோடை நடுநாள் இரவில். பனி எங்கே?

நார்வேயின் கதை இதைவிட வேடிக்கையானது. குற்றக் கதை வாசிப்பதற்கென்றே அங்கு ஒரு பருவம் உண்டு; அது இருண்ட டிசம்பர் இல்லை, வெயில் திரும்பும் ஈஸ்டர். 1923இல் ஈஸ்டருக்குச் சற்று முன்பு 'ஆஃப்டன்போஸ்டன்' நாளிதழின் முதல் பக்கத்தில் 'பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது' என்று பெரிய எழுத்தில் வந்தது. செய்தி என்று நம்பியவர்கள் பதறிப்போனார்கள். அது ஒரு நாவலுக்கான விளம்பரம். நுர்டால் க்ரீக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளைஞர்கள் புனைபெயரில் எழுதியது. பதிப்பகத்தை நடத்தியவர் க்ரீக்கின் அண்ணன். அன்று பிடித்த பழக்கம் இன்றும் விடவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் மலைக் குடில்களுக்குப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழங்களோடு ஒரு கொலைக் கதையும் எடுத்துப்போகிறார்கள். பால் அட்டைப்பெட்டியின் பக்கத்தில்கூட அந்த வாரங்களில் குட்டித் துப்பறியும் கதை அச்சாகிறது. இந்த வாசகர்களுக்குக் குற்றக் கதை என்பது குடும்பத்தோடு செய்யும் காரியம். ஸ்வீடனிலும் குழந்தைகள் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் சிறுவன் துப்பறிவாளன் காலே புளூம்க்விஸ்டோடு வளர்ந்தவர்கள். அந்த வரிசை 1946இலேயே தொடங்கிவிட்டது. ஆக, நிலம் முன்பே உழுது கிடந்தது. அதில் என்ன விதைப்பது என்று தீர்மானித்தவர்கள் இருவர்.

மாய் ஷோவால், பெர் வாலோ. இருவரும் இதழியலில் இருந்தவர்கள், இடதுசாரிகள், சேர்ந்து வாழ்ந்தவர்கள். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். பத்து என்பது தற்செயல் இல்லை. தொடங்கும்போதே போட்ட கணக்கு அது: ஆண்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயங்கள், மொத்தம் முந்நூறு அத்தியாயங்கள் கொண்ட ஒரே நாவல். எல்லாவற்றுக்கும் பொதுவான துணைத்தலைப்பு 'ஒரு குற்றத்தின் கதை'. குழந்தைகள் தூங்கிய பிறகு இரவில் மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்து ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். அவர்கள் பார்வையில் அந்த 'ஒரு குற்றம்', மக்கள் நல அரசு என்று பெயர் வாங்கிய ஸ்வீடன் தன் எளிய மக்களைக் கைவிட்டது. வாசகர்களுக்கு நேராக இதைச் சொன்னால் யார் படிப்பார்கள்? ஆகவே முதல் சில நூல்களில் அரசியலை அடக்கியே வாசித்தார்கள். 1965இல் வந்த 'ரோசானா'வில் யோத்தா கால்வாயின் மதகருகே தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யாரென்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. துப்பறிவாளர் மார்ட்டின் பெக்குக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும், வயிறு சரியில்லை, வீட்டில் மனைவியோடு பேச்சுக் குறைவு. ஓய்வு கிடைத்தால் மாதிரிக் கப்பல்கள் கட்டுவார். துப்பு ஒன்றுக்காக நாட்கணக்கில் காத்திருப்பதே வேலையாக இருக்கிறது. சலிப்பையும் கதையில் வைக்கலாம் என்று காட்டியது அந்த நூல்.

நூலுக்கு நூல் குரல் உயர்ந்துகொண்டே போகிறது. நான்காவது நூல், வியட்நாம் போருக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் முழுவதும் மும்முரமாக இருக்கும் இரவில், ஸ்டாக்ஹோம் பஸ் ஒன்றில் நடக்கும் படுகொலையைச் சொல்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1971இல் அமெரிக்காவில் குற்றப்புனைவுக்குத் தரப்படும் எட்கர் விருதைப் பெற்றது. ஒன்பதாவதில் பெக்கின் நண்பர் கோல்பெரி பதவி விலகல் கடிதம் எழுதுகிறார். பத்தாவதில் ஸ்வீடனின் பிரதமர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அந்த நூல் வந்த 1975இலேயே வாலோ இறந்துபோனார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1986 பிப்ரவரி 28 இரவு, பிரதமர் ஓலாஃப் பால்மே மனைவியோடு சினிமா பார்த்துவிட்டுக் காவலர் யாரும் இல்லாமல் நடந்து வீடு திரும்பும்போது ஸ்டாக்ஹோம் தெருவில் சுடப்பட்டார். ஒருவருக்கு இதில் தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில் விடுதலையானார். 2020இல் விசாரணையே மூடப்பட்டது. முடிவில் குற்றவாளி பிடிபடவேண்டும் என்பது துப்பறியும் கதையின் அடிப்படை விதி. நாட்டின் மிகப் பெரிய கொலை வழக்கில் அந்த விதி உடைந்துபோனதைத் தினமும் செய்தித்தாளில் பார்த்த தலைமுறைதான் அடுத்து வந்த வல்லாண்டரின் முதல் வாசகர்கள்.

மான்கெல் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர், 1948இல் பிறந்தவர். வல்லாண்டருக்கும் அதே பிறந்த ஆண்டைத்தான் கொடுத்தார். ஆண்டின் ஒரு பகுதியை மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் நாடகக்குழுவோடு கழிப்பது அவர் வழக்கம். ஒருமுறை ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவருக்குத் தன் நாட்டில் ஏதோ மாறியிருந்தது தெரிந்தது. அகதிகளுக்கு எதிரான பேச்சு வெளிப்படையாகக் கேட்டது. ஈஸ்டாடுக்குப் பக்கத்து வட்டாரமான ஷோபோவில் 1988இல் அகதிகளை ஏற்பதா என்று உள்ளூர் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். மறு ஆண்டு டிசம்பரில் அரசே புகலிட விதிகளை இறுக்கியது. இனவெறியைப் பற்றி எழுதவேண்டும், இனவெறிச் செயல் ஒரு குற்றம், ஆகவே குற்றக் கதையாக எழுதலாம், அதற்கு ஒரு போலீஸ்காரர் வேண்டும். இந்த வரிசையில்தான் யோசித்ததாக மான்கெல் சொல்லியிருக்கிறார். பெயரைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்தார். பாத்திரம் கடைசியாகத்தான் வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

1991இல் வெளிவந்த 'முகமற்ற கொலைகாரர்கள்' 1990 ஜனவரி 8 அன்று விடியுமுன் தொடங்குகிறது. ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டில் வயதான விவசாயியும் மனைவியும் கொடூரமாகத் தாக்கப்படுகிறார்கள். சாகுமுன் அந்த மூதாட்டி முணுமுணுக்கும் ஒரே சொல், கொன்றவர்கள் அயல்நாட்டவர் என்று பொருள்படுவது. இது வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்று வல்லாண்டருக்குத் தெரியும். கசிகிறது. அகதிகள் முகாம் எரிகிறது. சம்பந்தமே இல்லாத சோமாலியர் ஒருவர் சாலையில் சுட்டுக் கொல்லப்படுகிறார். முடிவைச் சொல்லிக் கெடுக்க விருப்பமில்லை. ஆனால் நல்லெண்ணம் கொண்ட ஒரு எழுத்தாளருக்கு வசதியாக இருந்திருக்கக்கூடிய விடையை மான்கெல் எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். விடை எதுவானாலும் முகாமுக்குத் தீ வைத்தவர்களின் குற்றம் குறைவதில்லை என்பதை நாவல் நிறுவுகிறது. வல்லாண்டரும் சுத்தமானவர் இல்லை. குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சக போலீசாரிடமே பிடிபடுகிறார். புகலிடக் கொள்கை பற்றி அவருக்குள் இருக்கும் குழப்பம் அந்த மாவட்டத்துச் சராசரி மனிதரின் குழப்பம்தான். நாவல் வெளிவந்த அடுத்த மாதங்களில் ஸ்டாக்ஹோமிலும் உப்சாலாவிலும் ஒருவன் குடியேறிகளாகத் தேடித் தேடிச் சுட்டான். பதினொரு பேர் சுடப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். 1992இல் நாணய நெருக்கடியின் உச்சத்தில் ஸ்வீடன் மத்திய வங்கி தன் வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றியது. வங்கிகள் ஆட்டம் கண்டன. வேலையின்மை ஒருதலைமுறை காணாத அளவுக்கு உயர்ந்தது. செய்தித்தாளையும் வல்லாண்டர் நாவலையும் மாறி மாறிப் படித்தவர்களுக்கு இரண்டும் ஒரே கதையின் பகுதிகளாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் நாட்டு நடப்பு மட்டும் போதுமென்றால் தலையங்கங்களையே மக்கள் கொண்டாடியிருப்பார்கள். வாசகர்களைத் தொடரிலிருந்து நகரவிடாமல் பிடித்துவைத்தது, அதில் காலம் உண்மையாகவே ஓடுகிறது என்பதுதான். வல்லாண்டருக்கு வயதாகிறது. எடை கூடுகிறது. நீரிழிவு வருகிறது. வழிகாட்டியாக இருந்த மூத்த அதிகாரி ரீட்பெரிக்கு முதல் நாவலிலேயே புற்றுநோய் தெரியவருகிறது; இரண்டாவது தொடங்குமுன் இறந்துபோகிறார். அவர் இருந்திருந்தால் இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று பல நாவல்களுக்குப் பிறகும் வல்லாண்டர் தன்னையே கேட்டுக்கொள்கிறார். தொடக்கத்தில் எந்த வேலையிலும் நிலைக்காத மகள் லிண்டா, கடைசியில் அப்பாவின் தொழிலுக்கே வந்து சேர்கிறாள்.

எனக்குப் பிடித்தவர் வல்லாண்டரின் அப்பா. ஓவியர். வாழ்நாள் முழுவதும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்: இலையுதிர்கால நிலம், சூரியன், சிலவற்றில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அவ்வளவுதான் வேறுபாடு. மகன் போலீசில் சேர்ந்ததை அவர் மன்னிக்கவே இல்லை. ஏன் என்று கடைசிவரை சொல்லவும் இல்லை. சந்தித்தால் சண்டை, சந்திக்காவிட்டால் குற்றவுணர்ச்சி. ரோமுக்குப் போகவேண்டும் என்ற அவருடைய பழைய ஆசை நிறைவேறி, இருவரும் ஒரு வாரம் அங்கே ஒற்றுமையாக இருந்துவிட்டு வருகிறார்கள். அதிக நாள் கழியுமுன் அவர் இறந்துபோகிறார். இது நடப்பது 'ஐந்தாம் பெண்' நாவலில். அந்த நாவலின் கொலைகாரர் யார் என்பது மறந்துபோன வாசகர்களுக்கும் ரோம் பயணம் நினைவிருக்கும். ஒரு தனி நாவலில் இந்த மரணம் ஓர் அத்தியாயம். ஆறு ஆண்டுகளாக அந்தக் கிழவரின் முணுமுணுப்பைக் கேட்டுவந்தவர்களுக்கு அது வீட்டுத் துக்கம்.

தொடரால் மட்டுமே செய்யமுடிகிற இன்னொரு காரியத்தை 'ஓரடி பின்னால்' செய்கிறது. வல்லாண்டரின் குழுவில் ஸ்வேத்பெரி என்று ஒருவர் உண்டு. முதல் நாவலிலிருந்தே இருக்கிறார். வழுக்கைத் தலை, கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஆறு நாவல்களாக வாசகர்களும் அவரைப் பெரிதாகக் கவனித்ததில்லை. ஏழாவதில் அவர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். விசாரிக்கப்போகும் வல்லாண்டருக்கு, இத்தனை ஆண்டுகள் உடன் வேலைபார்த்த மனிதரைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிகிறது. அதே அதிர்ச்சி வாசகருக்கும். ஏனென்றால் நாமும்தான் அவரை ஓரத்தில் உட்காரவைத்திருந்தோம். இந்த அடியை வாங்குவதற்கு முந்தைய ஆறு நூல்களையும் படித்திருக்கவேண்டும். படித்தவர்கள் அதை மறப்பதில்லை.

இந்த நெருக்கம் எழுத்தாளரையே வேலைவாங்கியது. எட்டாவது நாவலோடு 1998இல் மான்கெல் நிறுத்திக்கொள்ள எண்ணினார். கடிதங்கள் விடவில்லை. 1990 ஜனவரி 8க்கு முன்பு வல்லாண்டர் எப்படி இருந்தார், எப்போது போலீசில் சேர்ந்தார், மோனாவை எப்போது மணந்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1999இல் 'பிரமிட்' தொகுப்பு வந்தது. இளம் வல்லாண்டரைப் பற்றிய கதைகள். முன்னுரையில் மான்கெல், எட்டு நூல்களும் முடிந்த பிறகுதான் தான் தேடிய துணைத்தலைப்பு கிடைத்தது என்று எழுதுகிறார்: 'ஸ்வீடனின் கலக்கத்தைப் பற்றிய நாவல்கள்'. ஷோவால்–வாலோ இணை முதல் நாளே துணைத்தலைப்போடு தொடங்கியவர்கள். இவருக்கு அது கடைசியில் வாய்த்தது. முன்னவர்களுக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தது, மார்க்சியத்தில் மருந்தும் இருந்தது. மான்கெலின் போலீஸ்காரருக்கு ஏதோ சரியில்லை என்பது மட்டும்தான் தெரியும். அரசியலில் நம்பிக்கை தேய்ந்துபோன தொண்ணூறுகளின் வாசகர்களுக்கு இந்த இரண்டாமவர் ஏன் நெருக்கமானார் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஸ்வீடனுக்கு வெளியே நடந்தது வேறு கதை. அங்கே வாசகர்களுக்குத் தொடர் ஒழுங்காகக் கிடைக்கவே இல்லை. ஆங்கிலத்தில் முதல் நாவல் 1997இல் வந்தது. ஐந்தாவது 1999இல் வந்துவிட்டது. இரண்டாவது 2001இல்தான் வந்தது. நான்காவதுக்கு 2005 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. நான்காவதில்தான் வல்லாண்டர் போலீஸ் வேலையே வேண்டாம் என்று முடிவுகட்டி டென்மார்க்கின் ஸ்காகன் கடற்கரையில் பைத்தியம்போல நடந்துகொண்டிருக்கிறார். அதில்தான் ஆன்–பிரிட் ஹோக்லுண்ட் என்ற முக்கியமான பெண் அதிகாரி குழுவுக்கு வருகிறார். ஆங்கில வாசகர்கள் பல நாவல்களாக அவரோடு பழகிய பிறகு அவருடைய முதல் நாளைப் படித்தார்கள்! நார்வேக்காரர் யூ நெஸ்போவின் ஹாரி ஹூலே தொடருக்கு நேர்ந்தது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் முதலில் வந்தது ஐந்தாவது நூல். மூன்றாவதில் விழுந்து நான்காவதில் வளர்ந்த முடிச்சு அவிழும் நூல் அது. முடிச்சு விழுந்த நூல் மறு ஆண்டு வந்தது. தொடரின் முதல் நூல் 2012இல்தான் கிடைத்தது. பதிப்பகங்கள் ஒவ்வொரு நூலையும் தனித்தனிப் புதிராக நினைத்து, எது நன்றாக விற்கும் என்று பார்த்துப் பொறுக்கின. வாசகர்கள் தாங்களே சரியான வரிசையைப் பட்டியல் போட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறார்கள் என்று விற்கிறவர்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தக் குளறுபடியையும் மீறி வல்லாண்டர் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனார். ஜெர்மனியில் மோகம் தனி ரகம். பிரிட்டனில் 'தவறான தடம்' 2001இல் குற்ற எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருதை வாங்கியது. திரையில் ரொல்ஃப் லாஸ்கோர்டு, கிரிஸ்டர் ஹென்ரிக்சன், பிறகு பிபிசிக்காக கென்னத் பிரானா என மூன்று பேர் வல்லாண்டராக நடித்தார்கள். யார் சரியான வல்லாண்டர் என்ற வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. லாஸ்கோர்டின் கனத்த உடம்பும் வெடிக்கும் கோபமும்தான் நாவல்களுக்குக் கிட்டத்தில் இருக்கின்றன என்பது என் கட்சி. பிரானா அழகாகத் துயரப்படுகிறார். நாவலில் இருப்பவர் அவ்வளவு அழகாகத் துயரப்படமாட்டார், அடுக்குமாடியின் பொதுச் சலவையறையில் தன் முறைக்குப் பெயர் எழுத மறந்துவிட்டு எரிச்சல்படுவார்.

சுமார் இருபதாயிரம் பேர் வாழும் ஈஸ்டாடில் மரச்சட்டமிட்ட பழைய வீடுகளும், இரவில் கால் மணிக்கொரு முறை தேவாலயக் கோபுரத்திலிருந்து ஊதுகொம்பு ஒலிக்கும் காவலாளியும் உண்டு. போலந்துக்கும் போர்ன்ஹோல்ம் தீவுக்கும் கப்பல் புறப்படும் இடம். இப்போது அங்கே பயணிகள் மரியாகாத்தன் தெருவைத் தேடி வருகிறார்கள். வல்லாண்டரின் வீடு பத்தாம் எண். தெரு உண்மை, குடியிருந்தவர் கற்பனை. பழைய தீயணைப்பு வண்டியில் ஏற்றிக் கதை நடந்த இடங்களைச் சுற்றிக்காட்டியிருக்கிறார்கள். ஒரு கடையில் அவர் பெயரில் கேக் விற்கிறது, நீரிழிவுக்காரர் பெயரில்! நாவல்களின்படி பார்த்தால் தலைத்தோல் உரிக்கப்பட்ட, உயிரோடு குழியில் கழுமரம் ஏற்றப்பட்ட மனிதர்களால் நிறைந்த ஊர் இது. உண்மையில் இன்று ஒரு கோடியைத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட முழு ஸ்வீடனிலும் ஆண்டுக்குச் சுமார் நூறு கொலைகள்தான் நடக்கின்றன. பாதுகாப்பான நாட்டில்தான் கொலைக் கதை சுகமாக வாசிக்கப்படும் என்று ஒரு விளக்கம் உண்டு. பாதி சரி. ஆனால் ஈஸ்டாடுக்குப் போகிறவர்கள் கொலை நடந்த வயலில் கழிக்கும் நேரத்தைவிட அவர் சாப்பிட்ட காண்டினென்டல் ஹோட்டலிலும் வீட்டு வாசலிலும் அதிக நேரம் நிற்பதை அந்த விளக்கம் தொடுவதில்லை.

2005இல் எல்லாமே வேறு வேகத்துக்கு மாறியது. இனவெறி அமைப்புகளைக் கண்காணிக்கும் 'எக்ஸ்போ' இதழின் ஆசிரியர் ஸ்டீக் லார்சன், மூன்று நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பகத்திடம் கொடுத்துவிட்டு, ஒன்றுகூட அச்சாகுமுன் 2004 நவம்பரில் ஐம்பது வயதில் மாரடைப்பால் இறந்திருந்தார். 2005, 2006, 2007 என்று மூன்றும் வந்தன. ஸ்வீடனில் 2002இல் புத்தகங்களுக்கான வரியை 25 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்திருந்ததால் புத்தகம் வாங்கும் பழக்கமே அப்போது பெருகிக்கொண்டிருந்தது. மின்னூலும் பரவத் தொடங்கிய காலம்; கிண்டிலில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் எழுத்தாளர் லார்சன்தான். அவருடைய நாயகி லிஸ்பெத் சலாண்டர், லிண்ட்கிரெனின் குறும்புச் சிறுமி பிப்பி வளர்ந்து பெரியவளானால் எப்படி இருப்பாள் என்ற யோசனையில் பிறந்தவள். பத்திரிகையாளர் மிக்கேல் புளூம்க்விஸ்டைக் கேலியாக 'காலே' என்று அழைக்கிறார்கள். இரண்டும் அந்த நாட்டு வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும்.

லார்சனின் வெற்றி வல்லாண்டரின் வெற்றியை மறைத்துவிட்டது என்றாலும் இரண்டும் ஒரே வகை மோகம் இல்லை. சலாண்டர் பழிவாங்குகிறாள், ஒரு இரவில் படித்து முடித்து மூச்சுவாங்கலாம். அவளுக்கு வயதாவதைப் பார்க்க யாரும் காத்திருக்கவில்லை. அதனால்தான் அந்தத் தொடரை வேறு கைகளால் தொடர முடிந்தது: 2015 முதல் டேவிட் லாகர்க்ரான்ட்ஸ் மூன்று நூல்கள், 2022 முதல் காரின் ஸ்மிர்னோஃப். உயில் எழுதாமல் இறந்ததால் உரிமை லார்சனின் தந்தைக்கும் தம்பிக்கும் போனது; முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த ஏவா கேப்ரியல்சன் இந்தத் தொடர்ச்சியை எதிர்த்தார். எதிர்ப்புக்கிடையிலும் நூல்கள் விற்றன. படித்தவற்றை வைத்துச் சொன்னால், கோபம் குறைந்து வித்தை கூடியிருக்கிறது.

லார்சன் அலைக்குப் பின்னால் வந்த சரக்கில் பெரும்பகுதி அட்டையில் பனியும் உள்ளே சித்திரவதையும்தான். பெண்கள் மீதான வன்முறையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதைப் பக்கம் பக்கமாக ரசிக்கவைக்கும் நூல்கள் பல. மான்கெலும் முழுக்கத் தப்பியவர் இல்லை. கொலை முறைகளில் அவருக்கு ஒரு நாடகக்காரரின் மிகை உண்டு. தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவைக் கொல்லச் சதி, உலக நிதி அமைப்பைக் கவிழ்க்கும் கணினி என்று கதையை ஈஸ்டாடிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம் நாவல் தளர்கிறது. ஊருக்குத் திரும்பியதும் நிமிர்கிறது. வாசகர்கள் இவற்றை மன்னித்தார்கள். நெடுநாள் பழகியவரின் மிகைப்பேச்சை மன்னிப்பதுபோல.

தன் பாத்திரத்தைப் பிறர் தொடரமுடியாதபடி மான்கெல் தானே கதவை அடைத்தார். லிண்டாவை மையமாக வைத்து மூன்று நாவல்கள் எழுத நினைத்து 2002இல் ஒன்றை எழுதினார். திரையில் லிண்டாவாக நடித்த யுஹன்னா செல்ஸ்ட்ரோம் 2007இல் இறந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 2009இல் வந்த 'நிம்மதியிழந்த மனிதன்' கடைசி நாவல். எண்பதுகளில் ஸ்வீடன் கடற்பரப்பில் நுழைந்த நீர்மூழ்கிகளைப் பற்றிய பழைய அரசியல் மர்மம் ஒருபக்கம். மறுபக்கம், ஊருக்கு வெளியே யூசி என்ற நாயோடு வாழும் அறுபது வயது வல்லாண்டருக்கு நினைவு தப்பத் தொடங்குகிறது. அல்சைமர். பேத்தி பிறந்திருக்கிறாள். தொடர் முழுவதும் எதையும் மறக்கமுடியாமல் தூக்கம் கெட்டவருக்கு இந்த முடிவைக் கொடுத்ததற்காகக் கோபித்துக்கொண்ட வாசகர்கள் உண்டு. எனக்கு அது கொடுமையாகத் தோன்றினாலும் நேர்மையாகவும் தோன்றியது. வேறு எந்த முடிவுக்கும் இன்னொரு நூல் எழுதச் சந்து இருந்திருக்கும். மான்கெல் 2015இல் புற்றுநோயால் காலமானார். 2020இல் நெட்ஃபிளிக்ஸ் இளம் வல்லாண்டரை உருவாக்கியபோது அவரை நிகழ்காலத்து மால்மோவில் கொண்டுபோய் வைத்தது. 1948இல் பிறக்காத வல்லாண்டர் என்பவர் யார் என்பதற்கு அந்தத் தொடரில் பதில் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாவலிலேயே தொடங்கவேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் சோதிக்கும்; பொறுமையில்லாதவர்கள் அவற்றைத் தாண்டி நான்காவதுக்குப் போனால் பெரிய இழப்பில்லை, ஆனால் லாட்வியாவின் பாய்பா யார் என்று பின்னால் திரும்பிப் பார்க்கவேண்டிவரும். 'பிரமிட்' காலவரிசைப்படி முன்னால் நிற்கும், ஆனால் அதை எட்டு நாவல்களுக்குப் பிறகுதான் எடுக்கவேண்டும். இளைஞர் வல்லாண்டர் என்னவாகப்போகிறார் என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் கதைகள் கடிக்கும். 2009ஆம் ஆண்டு நாவலை மட்டும், நூலகத்தில் முதலில் கிடைப்பது அதுவாகவே இருந்தாலும், திருப்பி வைத்துவிடுங்கள்.